மறுநாள் கார்டு

ஏற்காட்டில் பங்களா வைத்திருப்பவர்கள் வேலை பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "பாத்துச் சொல்றேன்." சென்னைக்காரர், பெங்களூர்க்காரர், சேலத்து நகைக்கடைக்காரர், யாரானாலும் அதே வார்த்தைதான். காரில் ஏறும்வரை அதில் உண்மை இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கக் காற்று சூடாகும். அடிவாரம் போய்ச் சேரும்போது மலையில் பேசியது மலையிலேயே நின்றுவிடும். பூச்சு வேலை, பெயிண்ட் வேலை செய்கிற நாங்கள் இங்கே மேலே காத்துக்கொண்டிருப்போம்.

ஒருவர் மட்டும் காத்திருக்கமாட்டார். மறுநாள் காலையில் கார்டு போட்டுவிடுவார்.

மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் அவர் வீடு. என்னைவிடச் சில வயது மூத்தவர். என் தொழில்தான் அவருக்கும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் கார்டுக்காரர். என் மனைவிக்குக் கார்டு அண்ணன். ஒல்லியான ஆள். சாரம் ஏறும்போதுகூட முழுக்கைச் சட்டைதான். சட்டைப்பையில் பேனா இருக்கும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து அதற்குள் தபால் கார்டுகளைப் போட்டு மடித்து இடுப்பில் செருகியிருப்பார்.

நான் கூச்சப்படுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவர் வேலையைவிட என் வேலை நல்ல வேலை. அவர் பூசிய சுவரில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் நம் மலைப்பாதை போல ஏறி இறங்கும். நான் பூசியது குளத்துத் தண்ணீர் போல நிற்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? வருஷம் பூராவும் வேலை இருந்தது அவருக்கு. பாதி வருஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்.

அந்த டீக்கடையில்தான் அவர் கார்டு எழுதுவார். பனி இறங்கினால் கார்டு நமத்துப்போகும், மை ஊறும். அதனால் டீ பாய்லரின் மூடிமேல் கார்டை வைத்துக் கொஞ்ச நேரம் சூடு காட்டுவார். அப்பளம் வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி வைப்பார். பிறகு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் வைத்து எழுதுவார்.

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுக்குங்களா கடுதாசி?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

"ஆமாங்க. வேலை குடுக்கற ஊடெல்லாம் எனக்குச் சம்பந்தி ஊடுதானுங்க. சீர் செய்யாட்டி மொறைச்சுக்குவாங்க."

எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை, தப்பு இருக்கிறதா என்று தன் காதுக்கு. ஆனால் எல்லோரும் கேட்போம். ஒரு கார்டு எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

"ஐயாவுக்கு வணக்கம். நேற்றுக் கொடுத்த டீயும் மிக்சரும் நன்றாக இருந்தது. அப்பா உட்காரும் வராந்தாவுக்கு வெள்ளை கண்ணைக் கூசும், சந்தன நிறம் போதும் என்று சொன்னீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு நல்ல மழை. மேற்கு ஜன்னல் திறந்து கிடந்தது. வெளியிலிருந்து சாத்திக் கல் அணை வைத்திருக்கிறேன். ஆடி முடிந்து எப்போது கூப்பிட்டாலும் வருவேன்."

கீழே அவர் பெயர். ஊர். போன் நம்பர். பெயரை மட்டும் கடைப் பலகை போல் பெரிசாக எழுதுவார். தன் பெயரைத் தானே இவ்வளவு பெரிசாக எழுத ஒரு மனிதனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று நான் பக்கத்து பெஞ்சில் நினைத்துக்கொள்வேன்.

"வேலை எனக்கே குடுங்கன்னு ஒரு வரி சேத்துக்கலாமுங்களே" என்றார் டீக்கடைக்காரர்.

"கேக்கக் கூடாதுங்க. கேட்டா, இல்லீங்கன்னு சொல்றதுக்கு அவுங்களுக்கு நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க. நேத்துப் பேசுனதை ஞாபகப்படுத்தோணும், அவ்வளவுதான். அதுவும் இன்னிக்கே. நேத்துப் பேச்சு இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கும். நாளன்னைக்கு ஆறிப்போயிரும்."

அவரிடம் நல்ல போன் இருந்தது. வாட்ஸ்அப் அனுப்பவும் தெரியும். மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனாலும் கார்டுதான். "போன்ல அனுப்புனா காலை வணக்கம் சொல்ற பூவோட பூவா அதுவும் மேல போயிருமுங்க. கார்டுன்னா கேட்டைத் தொறந்து ஊட்டுக்குள்ள வருமுங்க" என்பார்.

அந்த மகளும் என் மகனும் ஒரே நாளில் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு இன்டர்வியூ போனார்கள். இரண்டு பேரும் பி.காம். கணக்கு எழுதுகிற வேலை. என் மகன்தான் அதிக மார்க். இரண்டு பேரிடமும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். மறுநாள் அந்தப் பெண் ஒரு கார்டு போட்டாள். தன்னைக் கேள்வி கேட்ட மேனேஜர் அம்மாவுக்கு நன்றி, தனக்குச் சரியாகப் பதில் சொல்ல வராத ஒரு கேள்விக்கு வீட்டுக்கு வந்து யோசித்த பதில், எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பது. அவ்வளவுதான். வேலை அவளுக்குக் கிடைத்தது. என் மகன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அவ எழுதுனாப்பா. நான் எழுதல." அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. அவனுக்கும் சேர்த்து நான் வருத்தப்பட்டேன்.

ஒருமுறை கொட்டச்சேட்டில் ஒரு வேலை அவருக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு நான் நடந்த நடையே வேறாக இருந்திருக்கும். கரண்டியும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு போனால், வீட்டுக்காரர் கையில் ஒரு கார்டு.

"இது அவர் போட்டது. வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்னு சொன்னேன். அதுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கார். சமையல்கட்டுக் குழாய் ஓரத்துச் சுவர்ல ஈரம் ஊறி ஓதம் இருக்காம். வர்றவரை அதை மொதல்ல பாக்கச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கார். பாத்துருங்களேன்."

தோற்றுப்போன வேலைக்கும் கார்டு. நான் போய்ப் பார்த்தேன். ஓதம் இருந்தது. நானே பார்த்துச் சொல்லியிருப்பேன், கொஞ்ச நேரம் போயிருந்தால். அந்த வீட்டு வேலை முடியும்வரை அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அடுத்த வருஷம் அந்த வீட்டுக்காரர் யாரைக் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் தொழில் பொறாமை. பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மகனுக்கு ஒரு நல்ல காரியம் செய்தபோது தெருவையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவரும் வந்தார், சாப்பிட்டார், போனார். இரண்டு நாளில் தபால்காரர் என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பெயருக்குத் தபால் வந்தது அதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். "தங்கச்சிக்கு வணக்கம். நேற்று வைத்த அவரைக்கொட்டைக் குழம்பில் கடைசியாக மிளகு இடித்துப் போட்டிருந்தீர்கள். அந்த வாசனை ராத்திரி கை கழுவிய பிறகும் விரலில் இருந்தது." இதற்கு ஒரு கார்டு. மேல் வரிசையில் இருக்கிறவர் கீழ் வரிசைக்கு, ஏற்காடு தபாலாபீஸ் வழியாக.

அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"மொளகு கடைசியிலதான் போடறேன்னு அந்த அண்ணனுக்குத் தெரியுது" என்றாள்.

"எனக்குந்தான் தெரியும்" என்றேன்.

"நீங்க சொன்னதே இல்லீங்களே."

கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தக் குழம்பைத்தான் சாப்பிடுகிறேன். நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன். அதுவும் சொல்வதுதானே என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நாகலூர் ரோட்டு பங்களா வந்தது.

சென்னையில் ஒரு டாக்டரம்மா அந்தப் பழைய பங்களாவை வாங்கியிருந்தார். உள்ளே முழுக்கக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மழைக்காலம் பூராவும் கூரைக்கு அடியில் செய்கிற வேலை. எங்களுக்கு அப்படி ஒரு வேலை எப்போதாவதுதான் வரும். எனக்கு அது வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவி எஸ்டேட்டில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் போய்விட்டது. மழையில் சரிவில் குனிந்து நிமிர முடியாமல், சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். இந்த வேலை கிடைத்தால் இந்த மழைக்கு நீ போக வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடலாம். அதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தார். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். கார்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். இந்த ஜன்னலில் காலை வெயில் விழும், இங்கே படிக்கிற மேசை போடலாம், இந்த நிறம் மூட்டமான நாளில் இருட்டடிக்கும். அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். நான் கடைசியில் நின்று ஹாலின் பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை ஈரமாகிவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வெளியே மலைச்சரிவு மண் சுவரோடு ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அந்த மண்ணை எடுக்காமல் இந்தச் சுவரில் எதைப் பூசினாலும் உரிந்துவிடும்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் என் வாயிலிருந்து வருவது அதுதான்.

அவர் டாக்டரம்மாவிடம் சென்னை விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். சின்ன விலாசம். மனசில் தங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் மஞ்சக்குட்டைதானே? சரி, பாத்துச் சொல்றேன்" என்று அம்மா காரில் ஏறினார்.

மறுநாள் நான் ஏற்காடு தபாலாபீசுக்குப் போய்க் கார்டு வாங்கினேன். வாழ்க்கையில் முதல் கார்டு. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

"யாருக்குங்க?"

"பேங்க்குக்கு."

"பேங்க்குக்கு வேர்வை ஊத்த ஊத்தவா எழுதுவாங்க?"

நன்றி சொல்லி ஆரம்பிக்கலாம் என்றால் அது அவர் வரி. டீயைப் பற்றி எழுதலாம் என்றால் அதுவும் அவர் வரி. கடைசியில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். "அம்மா வணக்கம். நான் அன்று வந்தவன். நேரில் சொல்லாமல் விட்டேன். பின்பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுவர் அழுகிறது. பெயிண்ட் அடித்து அதன் வாயை மூடக் கூடாது. வெளியே முதுகில் ஏறியிருக்கும் மண்ணை முதலில் எடுக்க வேண்டும். பிறகு அதுவாகக் காயும்." வேலை கொடுங்கள் என்று எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

வாரம் இரண்டு போயிருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அவர் மேல் வரிசையிலிருந்து இறங்கி வந்தார். நான் வாசலில் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்காமலே நின்றார்.

"டாக்டரம்மா போன் பண்ணுனாங்க தம்பி."

"உங்களுக்குத்தானுங்களே வேலை" என்றேன்.

"எனக்குன்னுதான் சொன்னாங்க. ஏன்னு சொன்னதுதான் எனக்குப் புரியலீங்க. ரெண்டு கார்டு போட்டிருந்தீங்க, மொதல் கார்டு நல்லா இருந்துச்சு, ரெண்டாவது அவசரத்துல எழுதுனீங்களா, எழுத்தெல்லாம் கோணலா இருக்கு, பேர்கூடப் போடல, ஆனா அதைப் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணுனேங்கறாங்க." குடையை மறு கைக்கு மாற்றினார். "நான் ஒரு கார்டுதானுங்க போட்டேன்."

நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதானுங்களே தம்பி?"

நான் மறுபடி கரண்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

"பேரு ஏனுங்க போடல?"

"ரெண்டு பேருதானுங்களே போனோம். தெரியாதுங்களா" என்றேன்.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "ரெண்டு பேரு போனதாலதானுங்க சாமி பேரு வேணும்."

அவர் பெயரைப் பெரிசாக எழுதுவதைப் பார்த்து நான் நினைத்ததெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. என் பெயரை நானே எழுதக் கூசித்தான் விட்டேன்.

"இப்பவே போன் போட்டு அம்மாகிட்டச் சொல்லிர்றேன்" என்று போனை எடுத்தார்.

"வேண்டாங்க."

"சொல்லாம விட்டா நான் திருடுன மாதிரி ஆவுமுங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே. அவுங்களா நெனச்சுக்கிட்டாங்க. சொன்னீங்கன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேனுங்க."

அவரைப் பார்த்துக் கார்டு எழுதினேன் என்பது வெளியே தெரிய வேண்டாம். அவ்வளவுதான் எனக்கு. அதற்கு வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. அவர் போனைத் திரும்பப் பையில் போட்டார்.

"அப்பன்னா ரெண்டு பேரும் சேந்து செய்யலாமுங்க. பூச்சு உங்களுது, பெயிண்ட் என்னுது. வர்றதுல பாதிப் பாதி. இதுக்கும் வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்க."

உள்ளேயிருந்து என் மனைவி இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் பின்பக்கத்து மண்ணை வெட்டி எடுத்துத் தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டோம். சுவர் காயக் காத்திருந்தோம். பிறகு நான் பூசினேன். அந்தப் பின்சுவர் போல் ஒரு சுவரை நான் அதற்கு முன்னும் பூசியதில்லை, பின்னும் பூசியதில்லை. நடுவில் ஒருநாள் டாக்டரம்மா வந்தார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம், "என்னங்க இது, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

"பூசுனது இவருங்கம்மா. எனக்கு இந்த வேலை வராதுங்க" என்று அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவரிடம் திரும்பி, "நல்ல ஆளா வேலைக்கு வெச்சிருக்கீங்க" என்றார்.

கார்டுக்காரர் உண்மையைத்தான் சொன்னார். அதையும் அவர் சொன்னதால் பெயர் அவருக்கே போனது.

அன்று மத்தியானம் சாரத்தின் பலகையில் உட்கார்ந்து டீ குடித்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. கேட்டுவிட்டேன். "ஏனுங்கண்ணா, இத்தன வருஷமா ஒவ்வொருத்தருக்கும் எழுதறீங்களே. சலிக்காதுங்களா?"

அவர் புறங்கையால் என் சுவரைத் தடவினார். ஈரம் காயாத சுவர். தடம் விழக் கூடாது என்று மெதுவாக.

"இந்தக் கை எனக்கு இருந்திருந்தா நான் ஒரு கார்டு எழுதியிருப்பேன்னு நெனைக்கறீங்களா? என்ற பூச்சு எனக்குத் தெரியாதுங்களா தம்பி. சாயங்கால வெயில் விழுந்தா அலை அடிக்குமுங்க. ஊட்டுக்காரங்க அதைப் பாக்கறதுக்குள்ள அடுத்த ஊட்டுக்கு நான் எழுதிப்போடோணும். உங்களப் பாத்து எனக்கு எத்தன நாள் வயிறு எரிஞ்சிருக்குது, தெரியுமுங்களா?"

இதைக் கேட்டதும் என் பொறாமை தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. வயிற்றெரிச்சலைக்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிகிறதே இந்த மனிதருக்கு என்றுதான் தோன்றியது. நானும்தான் எரிந்தேன். ஒரு வார்த்தை சொல்ல வந்ததா எனக்கு?

அந்த மழைக்கு என் மனைவி எஸ்டேட்டுக்குப் போகவில்லை. நான் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லத் தேவையே வரவில்லை. அவளாகவே நின்றுகொண்டாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எல்லாம் கார்டு அண்ணன் புண்ணியம்" என்றாள்.

நான் கரண்டியைக் கழுவப் போனேன்.

வேலை முடிந்ததும் எனக்கும் ஒரு கார்டு வந்தது. "தம்பிக்கு வணக்கம். நேற்று மழை விட்ட பிறகு பின்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது." கீழே அதே பெரிய பெயர். மனைவி அதையும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் பதில் எழுதவில்லை. தெருவில் பார்த்தபோது, "வந்துச்சுங்க" என்றேன். "சரிங்க" என்றார்.

பிறகு அவர் மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்து, பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவரும் அங்கேயே போய்விட்டார். ஒருநாள் காலையில் என் மகன் போனைக் காட்டினான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்கிற பூக்களுக்கு நடுவில் அவர் போட்டோ இருந்தது. மாலை போட்டிருந்தது. நான் பார்ப்பதற்குள் யாரோ இன்னொரு பூ அனுப்ப, அது மேலே போய்விட்டது.

இந்த வருஷம் டாக்டரம்மாவின் வாட்ச்மேன் என்னைத் தேடி வந்தார். கார்டுக்காரர் நம்பருக்கு அம்மா போன் போட்டுப் பார்த்தாராம், எடுக்கவில்லையாம். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நீங்க வாங்க. அன்னிக்கு அவரோட வேலை செஞ்சீங்கல்ல" என்றார். ஹாலுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும்.

போய்ப் பார்த்தேன். பின்சுவர் அப்படியே நின்றது. இத்தனை மழைக்குப் பிறகும் ஒரு கீறல் இல்லை. ஆனால் சுவர் நடுவில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். ஆணியில் ஒரு கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் ஒரு தபால் கார்டு. கிட்டே போகாமலே தெரிந்துவிட்டது. நான் எழுதியது.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அவர் போட்டது. காலமாயிட்டார்னு வாட்ச்மேன் சொன்னார். பாவம், நல்ல மனுஷன். எவ்வளவோ பேசுவார், பேசினதெல்லாம் மறந்துபோச்சு. ஆனா இதைப் பாருங்க, சுவர் அழுகிறது, பெயிண்ட் அடித்து அதன் வாயை மூடக் கூடாது. இத்தனை வருஷம் வைத்தியம் பாத்திருக்கேன், எனக்கு இப்படி ஒரு வரி எழுத வந்ததில்லை. அதான் அந்தச் சுவர்லயே மாட்டிட்டேன்."

சுவர் என்னுடையது. கார்டு என்னுடையது. பெயர் அவருடையது.

"அம்மா, அது..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஆணி கொஞ்சம் சாஞ்சிருக்குதுங்க."

சட்டத்தைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துத் தேய்த்தேன். சுவருக்கு இரண்டு கோட்டிங் அடித்தேன். காய்ந்த பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதே இடத்தில் நானே ஆணி அடித்தேன். சட்டத்தை மாட்டினேன். அவர் இருந்திருந்தால் எப்போதோ அம்மாவிடம் சொல்லியிருப்பார் என்று தெரியும். சொல்லக் கூடாது என்று தடுத்தவன் நான். இப்போது அவர் இல்லாதபோது போய், அது என்னுடையது என்று எப்படிச் சொல்வது? அவரிடம் பேச்சும் இருந்தது, வேலையும் இருந்தது, என் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இடமும் இருந்தது. இந்த ஒன்றுதான் என்னுடையது. அதையும் அவரே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்த அன்று டாக்டரம்மா சென்னைக்குக் கிளம்பினார். கார்க் கதவைத் திறந்துகொண்டே, "வராந்தாவும் மழைக்கு முன்னாடி பண்ணணும். பாத்துச் சொல்றேன்" என்றார்.

நான் பங்களாவுக்குள் திரும்பிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கார்டு வாங்கினேன். பனி இறங்கியிருந்தது. டீக்கடையில் பாய்லர் மூடிமேல் வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினேன். டீக்கடைக்காரர் பார்த்தார், சம்பந்தி வீடு என்று கேலி பேசவில்லை. பெயிண்ட் டப்பாவைத் தானே எடுத்துக் கவிழ்த்துப் போட்டார்.

"அம்மா வணக்கம். நேற்றுக் கொடுத்த டீக்கு நன்றி. வராந்தா மழைக்கு முன்னால் முடிய வேண்டும் என்று சொன்னீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆணி நேராக நிற்கிறது. சட்டம் சாயவில்லை. எப்போது கூப்பிட்டாலும் வருவேன்."

கீழே என் பெயரை எழுதினேன். அவர் எழுதுகிற அளவுக்குப் பெரிசாக எழுதினேன். எழுத்து மட்டும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற அதே கோணல் எழுத்து. வேறு எழுத்து எனக்கு வராது.

காயும்வரை கையில் வைத்திருந்துவிட்டுப் பெட்டியில் போட்டேன்.